வேர் மூச்சுவிட வேண்டும்: ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியில் சூட்டையும் ஆக்சிஜனையும் கையாளும் முறை

மண்ணில்லாமல் உரக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியில், உச்சிவெயிலில் லெட்யூஸ் (சாலட் கீரை) இலைகள் துவண்டு தொங்குகின்றன. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஈசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) சரி, பி.எச். (அமில-காரத்தன்மை) சரி. பொழுது சாய்ந்ததும் செடி நிமிர்ந்துவிடுகிறது. மறுநாள் மதியம் மறுபடி துவள்கிறது. நாலைந்து நாளில் வேர் நுனி பழுப்பாகிறது. இந்த இடத்தில் பலரும் முதலில் செய்வது உரத்தைக் கூட்டுவது. அதனால் நிலைமை மோசமாகுமே தவிர சீராகாது. வேர் தண்ணீரில் நின்றால் மட்டும் போதாது, அந்தத் தண்ணீரை இழுத்து மேலே அனுப்ப வேர் செல்களுக்குச் சக்தி வேண்டும். சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த வேர் தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் வாடும்.

கரைசல் கலப்பது, ஈசி, பி.எச். பார்ப்பது, நாற்றை நெட் பாட் என்ற துளையுள்ள சிறு கூடையில் வைப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பார்க்கப்போவது இரண்டே விஷயம்: தண்ணீரின் சூடு, வேருக்குக் கிடைக்கும் காற்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

முதலில் கணக்கு

கடல்மட்டத்தில், காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்து நிற்கும்? 20 டிகிரி செல்சியஸில் 9.1 மில்லிகிராம். 25 டிகிரியில் 8.3. 30 டிகிரியில் 7.6. 35 டிகிரியில் 6.9. எத்தனை ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டாலும், சாதாரணக் காற்றை ஊதி இந்த எல்லையை மீறி நிறுத்திவைக்க முடியாது. உயரமான மலைப்பகுதி என்றால் இன்னும் குறையும். 1000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள். கரைசலில் உள்ள உர உப்பும் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நாம் பயன்படுத்தும் அளவில் அது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசமில்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "20இலிருந்து 30க்கு ஏறினால் ஒன்றரை மில்லிகிராம்தானே குறைகிறது, அதற்கா இவ்வளவு கவலை?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 7.6 என்பது காகிதத்தில் போதுமான அளவுதான். பிரச்சினை செலவுப் பக்கத்தில் இருக்கிறது. வேர் சுவாசிக்கும் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வேரைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களும் அதே போல வேகமெடுக்கின்றன. வரவு ஆறில் ஒரு பங்கு குறையும் நேரத்தில் செலவு இரட்டிப்பாகிறது. போதாததற்கு, வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வகைகளில் அஃபானிடெர்மேட்டம் என்ற ஒன்று சூட்டை விரும்புவது. தண்ணீர் 25ஐத் தாண்டிய பிறகுதான் அதற்குக் கொண்டாட்டம். அதன் வித்துகள் நீந்தக்கூடியவை. ஒரு செடியில் தொற்றினால் அதே தண்ணீர் சுற்றிவரும் எல்லாச் செடிக்கும் வழி திறந்துவிடும்.

இன்னொரு உண்மையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். தொட்டியின் நடுவில் ஆக்சிஜன் மீட்டர் லிட்டருக்கு 7 மில்லிகிராம் காட்டினாலும், பஞ்சுபோல் அடர்ந்த வேர்க்கற்றையின் உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றால் அங்கே 2 கூட இருக்காது. எனவே ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைப்பது பாதி வேலைதான். கரைந்ததை வேரின் தோல்வரை கொண்டுபோவது மீதிப் பாதி.

குறிக்கோள்: லெட்யூஸ், கீரை வகைகளுக்கு 18 முதல் 22 டிகிரி. தக்காளி, வெள்ளரி, துளசி வகைகளுக்கு 20 முதல் 25. கரைந்த ஆக்சிஜன் 6க்கு மேல் நின்றால் நிம்மதி. 4க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லெட்யூஸ் வளர்ப்புக் கையேடும், செடிகள் மிதவைப் பலகையில் வளரும் குளத்து நீர் 25 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. இலைகளைச் சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தாலும் வேர்ப்பகுதியை மட்டும் குளிர்ச்சியாக வைத்தால் லெட்யூஸ் நன்றாகவே வளரும். அதனால் அறை முழுவதையும் குளிரூட்டும் செலவு தேவையில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 1: சரியான இடத்தில், சரியான நேரத்தில் அளப்பது

கம்பி நுனியில் உலோக முனை உள்ள, தண்ணீர் புகாத டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். வாங்கியதும் ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸ் நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கலக்கி, முனையை நடுவில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். 1 காட்டினால், எல்லா அளவிலும் 1 கழித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி போல நீட்டி அளக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டரை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பளபளப்பான பரப்பில் பொய் சொல்லும்.

எங்கே அளப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். காலையில் தொட்டிக்குள் கம்பியை விட்டு 23 என்று பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தால், வேர் படும் பாடு தெரியாமலே போகும். மூன்று இடங்களில் அளங்கள்: தொட்டியின் நடு, கால்வாய் அல்லது குழாயின் கடைசிச் செடியின் வேரடி, தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் வாய். மூன்று நேரங்களில் அளங்கள்: விடியற்காலை, பகல் 2 முதல் 3 மணிக்குள், சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து. மூன்று நாள் குறித்தால் உங்கள் அமைப்பின் ஜாதகமே கையில் வந்துவிடும்.

ஆக்சிஜன் மீட்டர் கட்டாயமில்லை. வாங்குவதானால் ஒளியால் அளக்கும் வகை நல்லது. சவ்வு வைத்த வகைக்குச் சவ்வையும் உள்ளே உள்ள திரவத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டும், முனையைத் தண்ணீரில் அசைத்துக்கொண்டே அளக்காவிட்டால் குறைத்துக் காட்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு வேரே மீட்டர். ஆரோக்கியமான வேர் வெள்ளையாக, விறைப்பாக, மண்வாசனையோடு இருக்கும். உரத்தின் நிறம் ஏறி வேர் லேசாகப் பழுப்பாவதை அழுகல் என்று பயப்பட வேண்டாம். ஒரு வேரை இரு விரலால் மெல்ல உருவிப் பாருங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். நாற்றம் வந்தாலும் அழுகல்தான்.

படி 2: சூடு எந்த வழியாக வருகிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கப் போகாதீர்கள். உள்ளே வந்த வெப்பத்தை வெளியேற்றுவதைவிட வாசலிலேயே நிறுத்துவது மிகவும் சுலபம். அதற்கு எந்த வாசல் என்று தெரிய வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 1 டிகிரி ஏறினால், அதற்குள் 1.16 வாட் வெப்பம் போகிறது என்று பொருள். ஆகவே: லிட்டர் × மணிக்கு ஏறும் டிகிரி × 1.16 = வாட். 60 லிட்டர் தொட்டி, பகல் 11 மணிக்கு 24 டிகிரி, 2 மணிக்கு 28.5 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1.5 டிகிரி. 60 × 1.5 × 1.16 = சுமார் 104 வாட்.

இதில் பம்பின் பங்கு எவ்வளவு? தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பு 20 வாட் எடுக்கிறதென்றால், அந்த 20 வாட்டும் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. மோட்டார் சூடும், தண்ணீர் உராயும் சூடும் எல்லாம் அங்கேயேதான். 40 லிட்டர் தொட்டியில் 20 வாட் பம்பு 10 மணி நேரம் ஓடினால், வெப்பம் வெளியேற வழியில்லாதபோது 4 டிகிரி ஏற்றிவிடும். "பெரிய பம்பாக இருந்தால் நல்லதுதானே" என்று தேவைக்கு மூன்று மடங்கு பெரிய பம்பை வாங்கி, வால்வால் அடக்கி ஓட்டுபவர்கள் தொட்டிக்குள் ஒரு ஹீட்டரை வைத்திருக்கிறார்கள். பம்பின் உடம்பில் எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். எட்டு, பத்து வாட் பம்பால் வேலை முடியுமானால் அதையே வையுங்கள். பெரிய அமைப்பானால் தண்ணீருக்கு வெளியே நிற்கும் பம்பு மேல். மோட்டார் சூட்டில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

பிறகு குழாய். என்.எஃப்.டி. முறையில் (சரிவான கால்வாய்களில் கரைசல் மெல்லிய படலமாக ஓடும் முறை) தொட்டி நிழலில் இருந்தாலும் கால்வாய்கள் வெயிலில் கிடக்கும். நுழையும்போது 23, வெளியேறும்போது 26 என்று வைப்போம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தில் அந்த 3 டிகிரி என்றால், ஒரே கால்வாய் 210 வாட் வெப்பத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. ஓட்டத்தை 2 லிட்டராக்கினால் கடைசிச் செடிக்குச் சூடு ஏறுவது பாதியாகும், அது செடிக்கு நல்லது. ஆனால் தொட்டிக்கு வந்து சேரும் மொத்த வெப்பம் அதேதான். இந்த வித்தியாசம் புரியாமல் ஓட்டத்தைக் கூட்டிவிட்டு, தொட்டி ஏன் இன்னும் சூடாகிறது என்று குழம்புகிறவர்கள் ஏராளம். ஓட்டம் சூட்டைப் பங்கிடும், நீக்காது.

காற்றுப் பம்பு சூடான காற்றை உள்ளே தள்ளித் தண்ணீரைக் காய்ச்சிவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. 40 டிகிரிக் காற்றை நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 22 டிகிரித் தண்ணீரில் ஊதினால் மூன்று, நான்கு வாட்தான் சேரும். காற்று வறண்டதாக இருந்தால் குமிழிகள் ஈரத்தை அள்ளிப்போவதால் கிட்டத்தட்ட அதே அளவு குளிர்ச்சியும் கிடைக்கும். ஆக, காற்றுப் பம்பை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். சூட்டுக்குப் பயந்து அதை நிறுத்திவைப்பதுதான் பெரிய கேடு.

படி 3: வாசலை அடைப்பது

தொட்டி, மூடி, கால்வாய், இணைப்புக் குழாய் எதுவானாலும் வெளிப்புறம் வெள்ளை, உட்புறம் கறுப்பு. வெள்ளை வெயிலைத் திருப்பும். கறுப்பு வெளிச்சத்தை அடைக்கும். வெள்ளை பெயிண்ட் மட்டும் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிப் பாசி வரும். பாசி பகலில் ஆக்சிஜன் விட்டாலும் இரவில் அதையே தின்னும், செத்தால் அழுகலுக்கு உணவாகும். முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் மேலே இரண்டு கோட் வெள்ளை.

அடுத்து 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் அல்லது ஃபோம் பலகையால் தொட்டியின் நான்கு பக்கமும், அடியும், மூடியும். அடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரை பொழுது இறங்கி வெகுநேரம்வரை சூட்டைத் தொட்டிக்குள் ஏற்றிக்கொண்டே இருக்கும். அலுமினியத் தாள் சுற்றுவதானால் அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். குழாயோடு ஒட்டிச் சுற்றி, மேலே இன்னொரு துணியும் சுற்றினால் அது வெறும் உலோகம், வெப்பத்தைத் தடுக்காது. கால்வாய்களுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளை நிழல்வலை கட்டுவது இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும். இருப்பதில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள்.

தொட்டி பெரிதாக இருக்கட்டும். ஒரே வெயிலுக்கு 40 லிட்டர் 6 டிகிரி ஏறினால் 120 லிட்டர் 2 டிகிரிதான் ஏறும். கூடுதல் தண்ணீருக்கு மின்சாரமும் தேவையில்லை, பழுதும் ஆகாது. இட வசதி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது பெரிய தொட்டிதான்.

தொட்டியை மண்ணில் புதைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பல மீட்டர் ஆழத்தில்தான் மண் ஏறத்தாழ அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையில் நிற்கும். சராசரியே 28 என்றால் மண்ணும் 28தான். கோடை உச்சத்தை அது தணிக்கும், 22க்குக் கொண்டுவராது.

இந்தப் படியை ஒழுங்காகச் செய்துவிட்டு மூன்று நாள் மறுபடி அளந்து பாருங்கள். பாதிப் பேருக்கு அடுத்த படியே தேவைப்படாது.

படி 4: மீதிச் சூட்டை எடுப்பது

ஐஸ் பாட்டில் எல்லோரும் செய்து பார்ப்பது. அதன் பலம் என்ன? ஒரு கிலோ ஐஸ் உருகி 22 டிகிரிவரை வருவதற்குள் சுமார் 426 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். 50 லிட்டரை 30இலிருந்து 22க்கு இறக்க 1676 கிலோஜூல் வேண்டும். அதாவது ஏறத்தாழ 4 கிலோ ஐஸ். ஒரு லிட்டர் பாட்டிலில் விரிவதற்கு இடம் விட்டு 900 மில்லி நிரப்பி உறைய வைத்தால், 50 லிட்டரில் அது 2 டிகிரி கூட இறக்காது. அதற்குள் வெளிச் சூடும் உள்ளே வந்துகொண்டிருக்கும். எனவே ஐஸ் என்பது 20, 30 லிட்டர் வாளிகளுக்கும், திடீர் அனல்காற்று நாட்களுக்கும் உதவும் அவசர மருந்து. பாட்டிலைத் தண்ணீர் திரும்பி விழும் இடத்துக்குக் கீழே வையுங்கள். வேரைத் தொடக் கூடாது. ஐஸ்கட்டியை நேராகக் கரைசலில் போட்டால் ஈசி இறங்கிவிடும். ஒரே மூச்சில் 8 டிகிரி இறக்காமல் மணிக்கு 2, 3 டிகிரியாக இறக்குங்கள்.

ஆவியாதல் இதைவிடப் பல மடங்கு பலமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 2400 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் போகும். மேலே சொன்ன 50 லிட்டரின் 8 டிகிரியை இறக்க 700 மில்லி ஆவியானால் போதும். ஆனால் காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் எல்லையைத் தீர்மானிக்கும். செலவு செய்யுமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: தெர்மாமீட்டர் முனையில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி, ஃபேன் காற்று நேராகப் படும்படி பத்து நிமிடம் வையுங்கள். அது காட்டும் எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை. ஆவியாதலால் தண்ணீரை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. நடைமுறையில் அதைவிட 2, 3 டிகிரி மேலே நின்றுவிடும். வெளியே 36 டிகிரி, ஈரத்துணி 20 காட்டுகிறது என்றால் ஒரு சிறிய ஃபேனும், தண்ணீர் சொட்டும் துணித்திரையும் உங்கள் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஈரத்துணியே 27 காட்டினால் இந்த வழியை விட்டுவிடுங்கள், எத்தனை ஃபேன் வைத்தாலும் 27க்குக் கீழே வராது.

இதில் இரண்டு கவனம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஈசி நாளுக்கு நாள் ஏறும். குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்பிவிட்டு அதன்பிறகு ஈசி பாருங்கள். இன்னொன்று, ஈரக்குமிழ் வெப்பநிலை பெரும்பாலும் இரவில்தான் தாழ்வாக இருக்கும். ஃபோம் போர்த்திய பெரிய தொட்டி இருந்தால் இரவெல்லாம் ஃபேன் ஓட்டிக் குளிரவைத்து, காலையில் மூடியை இறுக மூடிவிடலாம். பகலில் திறந்துவைத்து ஊதுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

இவை இரண்டும் போதாதவர்களுக்குத்தான் சில்லர். அதன் பெட்டியில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் கம்ப்ரசரின் அளவு. நமக்கு வேண்டியது குளிர்விக்கும் வாட். படி 2இல் கண்டுபிடித்த வாட்டைப்போல ஒன்றரை மடங்கு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் வெளிக்காற்று சூடாகும்போது சில்லரின் பலம் குறையும். சில்லரின் பின்னால் வரும் அனல் காற்று அதே மூடிய அறைக்குள் சுற்றினால் தண்ணீரில் எடுத்ததை அறைக்குத் திருப்பிக் கொடுத்த கதைதான். வெளியே போக வழி விடுங்கள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் மின்வெப்ப வில்லை வைத்த குட்டிச் சில்லர்கள் 20 லிட்டருக்கு மேல் எதற்கும் உதவாது என்பது என் தீர்மானமான கருத்து.

சொந்தமாகக் குளிர்சுருள் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: செம்புக் குழாயைக் கரைசலுக்குள் போடாதீர்கள். செம்பு வெப்பத்தை அருமையாகக் கடத்தும், உண்மை. ஆனால் அமிலத்தன்மையுள்ள உரக் கரைசலில் அது கரையும். செடிக்குத் துளியளவே வேண்டிய செம்பு, வேரைக் கருக்கும் அளவுக்கு ஏறிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாயும் அதே போலத்தான். துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம், அல்லது நீளத்தைக் கூட்டிக்கொண்டு பாலிஎத்திலீன் குழாய்.

ரொம்பவும் குளிரவைத்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் பாஸ்பரஸை எடுக்கத் திணறும், இலையடி ஊதாவாகும். வெள்ளரி 16க்குக் கீழேயே வாட ஆரம்பிக்கும்.

படி 5: காற்று

இப்போதுதான் குமிழிக்கு வருகிறோம். 20 லிட்டர் வாளியில் ஒரு பெரிய செடி என்றால் நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் காற்று. மிதவைக் குளம்போல் தண்ணீர் அதிகம், வேர் குறைவு என்றால், தண்ணீரும் சுற்றிவருமானால், 10 லிட்டர் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று போதும்.

பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, தடையே இல்லாமல் ஊதும்போது கிடைப்பது. ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும், 10 சென்டிமீட்டருக்கு 1 கிலோபாஸ்கல் வீதம். சிறிய பம்புகள் 30 சென்டிமீட்டரிலேயே மூச்சு வாங்கும். நிஜ அளவைக் கண்டுபிடிக்க ஒரு லிட்டர் பாட்டிலைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, குமிழிகள் எல்லாம் உள்ளே போகும்படி ஏர் ஸ்டோனுக்கு மேலே பிடியுங்கள். 15 நொடியில் காற்று நிறைந்தால் நிமிடத்துக்கு 4 லிட்டர். ஒரு பம்பிலிருந்து நான்கு வாளிக்குப் பிரித்திருந்தால் நான்கிலும் அளங்கள். ஆழம் குறைந்த வாளி எல்லாக் காற்றையும் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளைக்கும் தனி வால்வு வைத்துச் சமன்செய்ய வேண்டும்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள், குழாயில் செக் வால்வும் (ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் வால்வு) போடுங்கள். இரண்டும் வேண்டும். மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கித் தொட்டியையும் காலியாக்கும், பம்பையும் கெடுக்கும். செக் வால்வு சில மாதங்களில் உப்புப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

நுண்குமிழியா பெருங்குமிழியா என்ற விவாதம் ஓயாதது. நுண்குமிழிக்குப் பரப்பு அதிகம், ஆக்சிஜன் வேகமாகக் கரையும். ஆனால் அதற்கான தட்டுக் கல்லுக்கு அழுத்தமான பம்பு வேண்டும், சீக்கிரம் அடைத்தும் கொள்ளும். நடுத்தரக் குமிழி விடும் உருளைக் கல்லையே நான் விரும்புகிறேன்: அது தண்ணீரைக் கீழிருந்து மேலே தூக்கிச் சுழற்றுகிறது, மேற்பரப்பு புரளும்போதும் ஆக்சிஜன் கரைகிறது, வேரைச் சுற்றித் தேங்கிய படலமும் கலைகிறது. கல்லை வேர்க்கற்றைக்கு நேர் அடியில், ஆனால் வேர் சுற்றிப் பிடிக்காதபடி ஒரு துளையிட்ட கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். மாதம் ஒருமுறை கல்லை வெளியே எடுத்து வினிகரில் ஊறவைத்தால் உப்பு கரையும். வழவழப்புப் படிந்திருந்தால் பிளீச் கரைசல். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயுவான குளோரின் வரும்.

எல்லாவற்றிலும் மலிவான ஆக்சிஜன், வேரைத் தண்ணீருக்கு வெளியே விடுவது. வாளி முறையில் வேர் நன்றாக இறங்கியபின் நெட் பாட்டின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையே 3 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்த ஈரக்காற்றில் நிற்கும் வேர்கள் நேராகக் காற்றிலிருந்தே சுவாசிக்கும். பம்பே இல்லாத கிராட்கி முறை நிற்பது முழுக்க இந்த வேர்களின் தயவில்தான். அதனால்தான் அந்த முறையில் தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மறுபடி முழுக்க நிரப்பினால் செடி இரண்டு நாளில் சாய்ந்துவிடுகிறது; காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிவிட்டது. நிரப்புவதானால் வேரின் கீழ் மூன்றில் ஒரு பங்கு நனையும் அளவுக்குமேல் வேண்டாம்.

என்.எஃப்.டி. கால்வாயில் தண்ணீர் சில மில்லிமீட்டர் படலமாக ஓட வேண்டும். 40 அங்குலத்துக்கு 1 அங்குலம் சரிவு, நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே குட்டை கட்டும், முதலில் அழுகுவது அந்தக் குட்டையில் உள்ள செடிதான்; நீளமான கால்வாய்களுக்கு அடியில் போதிய தாங்கு கொடுங்கள். திரும்பும் தண்ணீரைத் தொட்டியில் 20, 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுங்கள். மின்சாரம் கூடுதலாக வேண்டாமலே நல்ல காற்றோட்டம் கிடைக்கும்.

படி 6: மின்சாரம் போனால்

உங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சிஜன் மீட்டர் உள்ளவர்கள் பகலில் எல்லாப் பம்புகளையும் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 7இலிருந்து 5.5க்கு இறங்கினால், 4ஐத் தொட இன்னும் ஒரு மணி நேரம். 28 டிகிரியில் செய்த சோதனையையும் 21 டிகிரியில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குளிர்ந்த தண்ணீர் எத்தனை அவகாசம் தருகிறது என்று கண்ணால் காணலாம். மீட்டர் இல்லாதவர்கள் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றை, மின்சாரம் போனதும் தானாக ஓடும் வகையாகப் பார்த்து, மாட்டிவையுங்கள். அதுவும் இல்லையென்றால் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை வடித்துவிட்டு வேரின் மேல்பகுதியைக் காற்றில் நிற்கவிடுங்கள். மூடி மூடியே இருக்கட்டும். என்.எஃப்.டி.யில் நிலைமை தலைகீழ்: அங்கே வேர் காய்வதுதான் ஆபத்து, வெயில் நாளில் அரை மணி நேரமே பெரிது. அதற்குத் தண்ணீர்ப் பம்பையே பேட்டரியில் ஓட்ட வேண்டும்.

அழுகல் ஏற்கெனவே வந்துவிட்டால்

முழுக்க அழுகிய செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள், அது மற்றவற்றுக்குத் தொற்றும். பாதி வேர் வெள்ளையாக இருந்தால் பழுப்பு வேரை வெட்டி, ஓடும் நீரில் கழுவி, கரைசலை முழுவதும் கொட்டி, தொட்டியையும் குழாய்களையும் தேய்த்துக் கழுவிப் புதுக் கரைசலை வழக்கத்தில் பாதி ஈசியில் விடுங்கள். செடிகளை எடுத்துவிட்ட காலித் தொட்டிக்கு, லிட்டருக்கு 10 மில்லி வீட்டு பிளீச் கலந்த தண்ணீரை அரை மணி நேரம் சுற்றவிட்டு, பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றி நிறையக் கேள்வி வரும். 3 சதவீதக் கரைசலை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லி விடுவது வழக்கம். அது கிருமியைக் கொல்லும், சிதையும்போது ஆக்சிஜனும் விடும்; ஆனால் பலன் ஓரிரு நாளுக்குமேல் நிற்பதில்லை. சூடான தண்ணீரில் தினமும் பெராக்சைடு ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுதான். 35 சதவீதக் கரைசல் தோலைப் பொசுக்கும், வீட்டில் வைக்காதீர்கள். பேசில்லஸ், டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பயன்படுத்துகிறவர்கள் பெராக்சைடைத் தொடக் கூடாது. காலையில் விட்டதை மாலையில் கொன்றுவிடுவீர்கள். இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். எனக்கு நுண்ணுயிர் வழிதான் உகந்தது, அதுவும் நோய் வருமுன், நாற்று நட்ட முதல் வாரத்திலேயே.

புது வேர் வெள்ளை முளையாக எட்டிப்பார்க்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதுவரை நிழலில் வையுங்கள், தண்ணீரை 20 டிகிரியில் நிறுத்துங்கள், பகல் 2 மணி அளவைக் குறிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.